ஒன்றியத்துக்கு ஒரு ஆளாவது வேணும்

நம்ம ஊர்ல ஒரு பிள்ளை பொறந்ததுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் யாராவது ஒருத்தர் அதை கணக்குல வச்சிருக்காங்க. நர்ஸ் அக்கா தடுப்பூசி அட்டையோட வருவாங்க, அங்கன்வாடி டீச்சர் எடை பார்த்து எழுதுவாங்க, அப்புறம் பள்ளிக்கூடம், எமிஸ் நம்பர், தொடர்ந்து லீவ் போட்டா டீச்சர் வீட்டுக்கு போன் அடிப்பாங்க, பெரிய பிரச்சனைன்னா 1098, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு. இதெல்லாம் எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதுன்னு நான் சொல்லல, ஆனா போய் நிக்கறதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்காங்க. பிளஸ் டூ முடிச்சு டிசி வாங்கற அன்னைக்கு அது அத்தனையும் அறுந்து போயிடுது. காலேஜ்ல சேர்ந்துட்டா கொஞ்சம் பரவால்ல. சேராதவங்க, சேர்ந்து நடுவுல நின்னவங்க, விடியக்காலைல கம்பெனி வேன் ஏறி போறவங்க, அவசர அவசரமா கட்டிக் குடுத்துட்ட பொண்ணுங்க, ரெண்டு தடவை போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வந்ததால ஊரே ஒதுக்கி வச்சிருக்கற பசங்க, இவங்களை பேர் சொல்லி கூப்பிட்டு என்னப்பா ஆச்சுன்னு கேக்கறதையே வேலையா வச்சிருக்கற ஒரு ஆள் நம்ம அமைப்புல எங்கயும் கிடையாது.

நான் அந்த வயசுப் பிள்ளைங்களோடதான் வேலை பாக்கறேன். வட மாவட்டம் ஒண்ணுல ஒரு சின்ன தொண்டு நிறுவனம். ஊர் பேர் போடல, போட்டா பிள்ளைங்க யாருன்னு தெரிஞ்சிடும். வெளிநாட்டுல இந்த வேலையை யூத் ஒர்க், அதாவது இளைஞர் பணின்னு சொல்வாங்க, அதுக்குன்னு படிப்பு, சம்பள விகிதம், சங்கம் எல்லாம் இருக்கு. இங்க நான் என்ன வேலை பாக்கறேன்னு கேட்டா சொந்தக்காரங்களுக்கு ஒரு வரியில சொல்ல முடியறதில்ல. ட்ரெய்னிங் குடுக்கறியா, கவுன்சிலிங்கா, மகளிர் குழு மாதிரி லோன் ஏதாவதான்னு கேப்பாங்க. மூணும் இல்ல. அதனால ஒரு விஷயத்தை முழுசா சொல்றேன், அது புரிஞ்சா மத்தது தானா புரியும்.

நாங்க போற ஊர் ஒண்ணுல சாயங்காலம் டவுன்ல இருந்து திரும்பி வர ஒரு டவுன் பஸ் இருந்துச்சு, ஆறு மணி சுமாருக்கு கிளம்பும். கொரோனா லாக்டவுன்ல நிறுத்தினாங்க, அப்புறம் விடவே இல்ல. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, ரொம்ப நல்ல விஷயம், எங்க பொண்ணுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும், ஆனா அஞ்சு மணிக்கு மேல பஸ்ஸே இல்லாத ஊருக்கு ஃப்ரீ பஸ் இருந்து என்ன. ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபா. டைப்ரைட்டிங் கிளாஸ் போயிட்டிருந்த பொண்ணுங்க ஒவ்வொருத்தரா நின்னாங்க. குரூப் ஃபோர்ல டைப்பிஸ்ட் போஸ்டிங்குக்கு தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் பாஸ் பண்ணணும்னு அதுங்களுக்கு ஒரு கனவு. இருட்டுல பஸ் ஸ்டாண்டுல நிக்க வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு, அவ்வளவுதான், கனவு முடிஞ்சுது. அதுல ஒரு பொண்ணு லோயர் பரிட்சைக்கு பணமே கட்டியிருந்துச்சு.

இது எங்களுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, யாரும் மனு எழுதிட்டு வரல. அந்த ஊர் இ-சேவை கட்டிடத்துக்கு பின்னாடி ஒரு ரூம், அங்க வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் உக்காருவோம். கேரம் போர்டு ஒண்ணு, பழைய பேப்பர், கொஞ்சம் டிஎன்பிஎஸ்சி புக்ஸ். பசங்க மட்டும்தான் மொதல்ல வந்தாங்க. பொண்ணுங்க வர்றதுக்கு பல மாசம் ஆச்சு, அதுக்கு நான் வீடு வீடா போய் அம்மாங்களோட பூ கட்டிட்டு உக்காந்து பேச வேண்டியிருந்துச்சு. அப்படி வந்து உக்காந்து, கேரம் ஆடி, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு பயம் போனதுக்கு அப்புறம் ஒரு நாள் தன்பாட்டுல ஒரு பொண்ணு சொல்லுச்சு, "அக்கா, நான் கிளாஸ் நின்னுட்டேன், பஸ் இல்லக்கா." பக்கத்துல இருந்த பையன் ஒருத்தன், "எங்க அக்காவும்தான் நின்னுடுச்சு"ன்னான்.

இந்த இடத்துலதான் இந்த வேலையோட சூட்சுமமே இருக்கு. எனக்கு அந்த மனுவை எழுத பத்து நிமிஷம் ஆகாது. கலெக்டர் ஆபீஸ்ல யாரைப் பாக்கணும்னும் தெரியும். எழுதிக் குடுத்திருந்தா பஸ் ஒருவேளை சீக்கிரமே வந்திருக்கும், பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காது. அதனால, பஸ்ஸை விடறதா வேணாமான்னு முடிவு பண்றது யாருன்னு மட்டும் கேட்டேன். எம்எல்ஏன்னு ஒருத்தன், கலெக்டர்னு ஒருத்தன், டிரைவர் அண்ணன்தான்னு ஒரு பொண்ணு. அதுங்களே டெப்போவுக்கு போய் விசாரிச்சு கிளை மேலாளர்னு ஒருத்தர் இருக்காருன்னு கண்டுபிடிச்சாங்க, அவரு எத்தனை பேரு ஏறுவாங்கன்னு கணக்கு இருக்கான்னு கேட்டு அனுப்பிட்டாரு. சரின்னு ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்துக்கிட்டு, பேரு, எங்க போறாங்க, எந்த நாள், எத்தனை மணிக்கு திரும்பணும்னு கோடு போட்டு, காலனி, ஊர் ரெண்டு பக்கமும் போய் எழுதிட்டு வந்தாங்க. ரெண்டு பக்கமும்னு நான் சொல்றது ஏன்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும். அந்தப் பசங்க சேர்ந்து ஒரே நோட்டோட ரெண்டு தெருவுலயும் நடந்ததே எனக்கு பஸ்ஸை விட பெரிய விஷயம்.

அப்புறம் ஆகஸ்ட் 15 கிராம சபை. ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற எல்லாரும் கிராம சபை உறுப்பினர்தான், பதினெட்டு வயசு ஆன பொண்ணுக்கும் தலைவருக்கு இருக்கற அதே உரிமை அங்க பேசறதுக்கு இருக்கு, இது அந்தப் பிள்ளைங்க யாருக்கும் தெரியாது. எந்தப் பாடத்துல படிச்சாங்களோ, பரிட்சைக்கு எழுதிட்டு மறந்துட்டாங்க. அந்தப் பொண்ணு நோட்டைப் பிடிச்சிட்டு எழுந்து நின்னப்ப கை நடுங்கினது பின்னாடி உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சுது. யாரோ ஒருத்தர், "உக்காரும்மா, பெரியவங்க பேசட்டும்"னாரு. அது உக்காரல. படிச்சு முடிச்சுது. தீர்மானம் போடறோம்னு தலைவர் சொன்னதும் எல்லாரும் கைதட்டி முடிச்சிட்டாங்க, இந்தப் பிள்ளை மட்டும் கிளார்க் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, "நம்பர் போட்டு எழுதுங்கண்ணா, நான் பாத்துட்டு கையெழுத்து போடறேன்"னுச்சு. அதை நான் சொல்லிக் குடுக்கல. அந்தத் தீர்மான நகலை வச்சு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுத்தாங்க, ரசீது வாங்கினாங்க, திரும்பத் திரும்ப போனாங்க. கடைசியில ஆறரைக்கு ஒரு பஸ் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை கிடையாது. பரவால்ல. அந்தப் பொண்ணு லோயர் முடிச்சு இப்ப ஹையர் படிக்குது.

ஆனா ரிப்போர்ட்ல இது எப்படி போகும் தெரியுமா. கூட்டங்கள் இத்தனை, பயனாளிகள் இத்தனை, போட்டோ ரெண்டு. பூ கட்டிட்டு உக்காந்த மாசங்களுக்கு ஃபார்மட்ல காலம் கிடையாது, நிதி குடுக்கறவங்க கண்ணுக்கு அது வேலையாவே தெரியறதில்ல. அது இல்லாம பஸ் இல்ல. இதுதான் நான் இந்த முழு பதிவுலயும் சொல்ல வர்றது. இளைஞர்களுக்காக குரல் குடுக்கணும்னு எல்லாரும் பேசறாங்க, ஆகஸ்ட் 12 சர்வதேச இளைஞர் தினம் வந்தா பேனர் கட்றாங்க, குரல் குடுக்கறதுக்கு மொத தேவை அந்த ஊர்ல வருஷக்கணக்கா நிக்கற ஒரு ஆள். திட்டம் நிறைய இருக்கு, ஆள்தான் இல்ல.

இருக்கறதை பாக்கலாம். 1969 செப்டம்பர் 24ல 37 பல்கலைக்கழகத்துல, 40,000 மாணவர்களோட என்எஸ்எஸ், அதாவது நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பிச்சாங்க, எத்தனையோ பேரு அதுலதான் மொத மொதல்ல வேற ஊர் திண்ணையில படுத்து எழுந்திருப்பாங்க, எனக்கு அந்த கேம்ப் மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா அதைப் பாத்துக்கறது பாடம் நடத்தற லெக்சரர், கூடுதல் பொறுப்பு. தவிர ஸ்கூல், காலேஜ் உள்ள இருக்கறவங்களுக்குத்தான் பெரும்பாலும். 1972ல நேரு யுவ கேந்திரா வந்துச்சு, அது காலேஜ் போகாத கிராமத்து இளைஞர்களுக்குன்னே யோசிச்சு ஆரம்பிச்சது, அருமையான யோசனை. மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி, கீழ ஒன்றியத்துல தேசிய இளைஞர் தொண்டர்னு எடுக்கற பிள்ளைங்க. அந்தத் தொண்டருக்கு மதிப்பூதியம் மாசம் 5,000 ரூபா, அதிகபட்சம் ரெண்டு வருஷம்னு வச்சிருந்தாங்க. நூறு நாள் வேலைக்கு 2025-26ல நம்ம மாநிலத்துக்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபா, அப்ப அந்தப் பிள்ளையோட ஒரு மாச உழைப்பு பதினஞ்சு நாள் கூலி. அதையும் ரெண்டு வருஷத்துல, ஊர் ஜனங்க நம்பி கதவைத் திறக்க ஆரம்பிக்கற நேரத்துல, போயிட்டு வாப்பான்னு சொல்லிடுவோம். ஜனங்களோட பழகத் தெரிஞ்ச பிள்ளைங்க அவங்க. எத்தனை பேரு அதுக்கப்புறம் இதே வேலையில தங்குனாங்க? எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர் பைனான்ஸ் கம்பெனி கலெக்‌ஷன்ல இருக்காங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை யாரு குடுப்பா.

தொண்டு நிறுவனத்துல இருக்கறவங்க நிலைமையும் வேற இல்ல. ப்ராஜெக்ட் ஒன்றரை வருஷம், மிஞ்சிப் போனா மூணு வருஷம். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தற எஃப்சிஆர்ஏ சட்டத்தை 2020ல திருத்தினதுக்கு அப்புறம் பெரிய நிறுவனம் வாங்கற வெளிநாட்டு நிதியை சின்ன நிறுவனத்துக்கு பிரிச்சுக் குடுக்க முடியாது, அதனால கிராமத்துல நேரடியா நிக்கற சின்ன அமைப்புங்கதான் மொதல்ல சுருங்கினது. கம்பெனிங்க சமூகப் பொறுப்புன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம் வருது, ஆனா அவங்களுக்கு எத்தனை பேருக்கு ஸ்கில் ட்ரெய்னிங், எத்தனை பேருக்கு பிளேஸ்மென்ட்னு எண்ணிக்கை வேணும். வேலைக்கு அனுப்பின பையன் மூணு மாசத்துல ஏன் திரும்பி வந்தான், ஹாஸ்டல்ல என்ன நடந்துச்சு, ஏன் யார்கிட்டயும் பேசாம படுத்தே கிடக்கான்னு கேக்கற ஆளுக்கு அந்த பட்ஜெட்ல இடம் இல்ல.

படிப்பாவது இருக்கான்னா, இருக்கு, அதுவும் நம்ம பக்கத்துலயே. ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993ல ஆரம்பிச்சது, 2012ல நாடாளுமன்றச் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமா ஆக்கினாங்க. சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952ல இருந்து இருக்கு. படிச்சிட்டு வெளிய வர்ற பிள்ளை எந்தப் பதவிக்கு அப்ளிகேஷன் போடும்? வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு, நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கு, சமூகப்பணிக்கே நாடு முழுக்க அப்படி ஒரு தனி கவுன்சில் இன்னும் இல்ல, அதுக்குள்ள இருக்கற எங்க வேலைய யாரு கேப்பா. தேசிய இளைஞர் கொள்கை 1988ல ஒண்ணு, 2003ல ஒண்ணு, 2014ல ஒண்ணு போட்டாங்க, 2014 கொள்கையில 15ல இருந்து 29 வயசு வரைக்கும் இளைஞர்னு வரையறை. வயசை வரையறுத்தாச்சு, அந்த வயசோட நிக்கற ஆளை யாரும் வரையறுக்கல.

சம்பளமும் பதவியும் மட்டும் பிரச்சனைன்னா நான் இவ்வளவு வேகமா எழுத மாட்டேன். இன்னொண்ணு இருக்கு, அதைப் பத்தி எங்களுக்குள்ளயே மெதுவாத்தான் பேசிக்குவோம். பதினேழு வயசுப் பொண்ணு ஒண்ணு வந்து உக்காந்து, நம்பி, தான் ஒரு பையனோட பழகறதையும் அது எது வரைக்கும் போயிருக்குன்னும் சொல்லுதுன்னு வச்சுக்கோங்க, பையனுக்கு பத்தொன்பது. 2012 போக்சோ சட்டத்துல பதினெட்டுக்கு கீழ இருந்தா சம்மதம்ங்கற பேச்சே இல்ல, 19ஆம் பிரிவுப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் தகவல் சொல்லியாகணும், சொல்லலேன்னா 21ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் தண்டனை. சொன்னா அந்தப் பையன் ஜெயிலுக்கு, பொண்ணு ஹோமுக்கு, இல்லேன்னா அடுத்த முகூர்த்தத்துல தாய்மாமனுக்கு. ரெண்டு பேரும் வேற வேற தெருன்னா அதுக்கு மேலயும் நடக்கும், நான் எழுத வேண்டியதில்ல. அந்தச் சட்டம் எத்தனை பிள்ளைங்களைக் காப்பாத்தியிருக்குன்னும் நேர்ல பாத்திருக்கேன், அதனால அதைத் தூக்கி எறிஞ்சு பேச மாட்டேன். அன்னைக்கு ராத்திரி, அதைக் கேட்டுக்கிட்ட இளைஞர் பணியாளர் யாருக்கு போன் பண்ணுவாங்க? மேல அனுபவப்பட்ட சூப்பர்வைசர் ஒருத்தர் இருக்காரா, இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும், பிள்ளைகிட்ட ஆரம்பத்துலயே எதை ரகசியமா வச்சுக்க முடியும் எதை முடியாதுன்னு எப்படி சொல்லணும்னு எழுதி வச்ச நெறிமுறை இருக்கா, அதுல ட்ரெய்னிங் குடுத்தாங்களா? இருபத்திரெண்டு வயசுல 5,000 ரூபாவுக்கு நிக்கற பிள்ளை தலையில இவ்வளவு பெரிய பாரத்தை வச்சிட்டு, இது தொண்டுதானேன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கவே முடியல. தொழில்னு அங்கீகரிக்கணும்னு நான் கேக்கறது முக்கியமா இதுக்குத்தான். கௌரவத்துக்கு இல்ல, பிள்ளைங்களோட பாதுகாப்புக்கு.

இங்கிலாந்துக்காரங்க இதை எப்பவோ யோசிச்சாங்க. 1960ல ஆல்பமார்ல் அறிக்கைன்னு ஒண்ணு வந்துச்சு, இளைஞர் மன்றங்களைக் கட்டணும், முழுநேர ஆட்களை எடுத்துப் பயிற்சி குடுக்கணும்னு சொல்லி. அடுத்த வருஷமே லெஸ்டர்ல தேசிய கல்லூரி, சம்பளமும் வேலை நிபந்தனையும் பேச ஒரு கூட்டுக்குழு. ஐம்பது வருஷம் வளர்ந்ததை 2010க்கு அப்புறம் சிக்கன நடவடிக்கைன்னு வெட்ட ஆரம்பிச்சாங்க, ஏன்னா உள்ளாட்சி பட்ஜெட்ல சுலபமா வெட்டற மாதிரி இருந்தது இதுதான். 2010ல இருந்து 2019க்குள்ள லண்டன்ல கிட்டத்தட்ட 30 சதவீத யூத் கிளப் மூடிட்டாங்க. அதோட விளைவை ஐஎஃப்எஸ்ங்கற ஆய்வு நிறுவனம் 2024ல வெளியிட்டுச்சு: பக்கத்துல இருந்த கிளப் மூடின பிள்ளைங்க பத்தாவது லெவல் பரிட்சையில பின்தங்கினாங்க, குற்றத்துல சிக்கற வாய்ப்பு 14 சதவீதம் கூடுச்சு, மிச்சம் பிடிச்ச ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு கிட்டத்தட்ட மூணு பவுண்டு நஷ்டம். கேரம் போர்டு போட்டு உக்காந்திருக்கறதுக்கு என்ன மதிப்புன்னு என்னைக் கேக்கற ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கணக்கைக் காட்டணும்னு தோணுது. இன்னொரு பாடமும் அதுல இருக்கு, சட்டப் பாதுகாப்பு பலமா இல்லேன்னா ஐம்பது வருஷ உழைப்பைக் கூட பத்து வருஷத்துல கலைச்சிடலாம். மால்டா குட்டி நாடு, 2014ல யூத் ஒர்க் தொழிலுக்குன்னு தனிச் சட்டமே போட்டுட்டாங்க.

அதே நேரம், சட்டம் போட்டு டிகிரி இருந்தாத்தான் உள்ளன்னு கதவைச் சாத்திடக் கூடாது, இதுல எனக்கு உறுதியான கருத்து உண்டு. நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டது ஒரு அக்காகிட்ட, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, பீடி சுத்தற வேலை பாத்துக்கிட்டே ராத்திரி பள்ளி நடத்தினவங்க. ஒரு பையன் வந்து நிக்கற விதத்துலயே வீட்ல அடி வாங்கியிருக்கான்னு சொல்லிடுவாங்க. அப்படிப்பட்டவங்களை வெளிய நிறுத்திட்டு, தெருவே தெரியாத ஒரு ஆளை சர்டிபிகேட்டோட கொண்டு வந்து விட்டா பிள்ளைங்க வாயைத் திறக்காது. காமன்வெல்த் நாடுகள்ல ஒரு டிப்ளமா வச்சிருந்தாங்க, ஏற்கெனவே வேலையில இருக்கறவங்க வேலை பாத்துக்கிட்டே தொலைதூரக் கல்வியில படிக்கற மாதிரி, அந்த வழி எனக்குப் பிடிச்சது. அதோட ஆசிய மையம் சண்டிகர்லதான் ரொம்ப வருஷம் இருந்துச்சு, 2014ல மூடிட்டாங்க. அனுபவத்தைக் கணக்குல எடுத்து, தமிழ்லயே, ஒன்றிய அளவுல வகுப்பு நடத்தி, நேர்ல வேலையைப் பார்த்து சான்று குடுக்கலாம். அதுக்கு ஸ்ரீபெரும்புதூர் இருக்கு, சமூகப்பணி காலேஜ் அத்தனை இருக்கு.

சரி, பணம்? தமிழ்நாட்டுல 388 ஊராட்சி ஒன்றியம். ஒன்றியத்துக்கு ஒரு ஆள், மாசம் 25,000 சம்பளம்னு போட்டா வருஷத்துக்கு 11 கோடியே 64 லட்சம். 38 மாவட்டத்துக்கும் ஆளுக்கு 40,000 சம்பளத்துல ஒரு அனுபவப்பட்ட சூப்பர்வைசர், அது 1 கோடியே 82 லட்சம் சொச்சம். மொத்தம் பதிமூணரை கோடிக்குள்ள. நகராட்சி, மாநகராட்சிக்கு தனியா போடணும், வடசென்னை மாதிரி இடத்துக்கு வார்டு கணக்குல வேணும், அது இன்னும் கூடும். இருந்தாலும் ஒரு மாநில பட்ஜெட்டுக்கு இது பயப்படற தொகை இல்ல. நான் முதல்வன்ல ட்ரெய்னிங் இருக்கு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1,000 ரூபா இருக்கு, இதெல்லாம் போய்ச் சேராத பிள்ளை எந்த வீட்ல உக்காந்திருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆள் ஒன்றியத்துல இருந்தா அந்தத் திட்டங்களுக்கே பலம். இளைஞர் நலன்னு துறையோட பேர்லயே இருக்கு, மைதானமும் விளையாட்டுச் சாமானும் குடுக்கறதோட நிக்காம இந்த 388 பேரையும் அந்தத் துறை எடுக்கணும்னு கேக்கறோம்.

கேக்கறோம்னா நாங்க ஒரு சின்னக் கூட்டம்தான். சுத்துப்பட்டு மாவட்டத்துல இதே வேலை பாக்கறவங்க, என்எஸ்எஸ் பாத்துக்கற ரெண்டு வாத்தியார், பழைய யுவ கேந்திரா தொண்டர்கள் சில பேர், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு நூலகத்துல உக்காருறோம். பேர் சொல்லாம ஆளுக்கு ஒரு கேஸ் எடுத்து வைப்போம், மத்தவங்க கேள்வி கேப்பாங்க, போக்சோ விஷயம் வந்தா சட்டம் தெரிஞ்ச ஒரு வக்கீல் அம்மா போன்ல சொல்வாங்க. பிள்ளைகிட்ட மொத நாளே என்ன சொல்லணும், எந்தச் சூழ்நிலையில யாருக்கு தகவல் குடுக்கணும், ராத்திரி எத்தனை மணிக்கு மேல போன் எடுக்கறது, பணம் கடன் குடுக்கலாமா கூடாதான்னு ஒவ்வொண்ணா பேசி எழுதிக்கிட்டு வர்றோம், இப்போதைக்கு ஏழு பக்கம் வந்திருக்கு. கடன் விஷயத்துல இன்னும் சண்டை தீரல. அடுத்த கிராம சபை அக்டோபர் 2, அன்னைக்கு இளைஞர் பணியாளர் பதவி கேட்டு தீர்மானம் கொண்டு வர நாலு ஊர்ல பிள்ளைங்களே தயாராகிட்டு இருக்காங்க, வாசகம் அதுங்க எழுதினதுதான். உங்க ஊர்ல கொண்டு வர்றதா இருந்தா கூட்டத்துக்கு முன்னாடியே ஊராட்சி செயலர்கிட்ட எழுத்துல குடுத்து பொருள் பட்டியல்ல சேர்க்கச் சொல்லுங்க, முடிஞ்சதும் தீர்மான நம்பரைக் கேட்டு வாங்குங்க.